மவுண்ட் குக் அடிவாரத்தில் ஒரு ஒயர்மேன்

நியூசிலாந்து போய் வந்தேன் என்றதும் வானொலி நிலையத்தில் எல்லாரும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை ஆடு பார்த்தே?” என்பதுதான். ஆடு நிறையப் பார்த்தேன். ஏரி பார்த்தேன், பனிமலை பார்த்தேன். ஆனால், அந்தப் பயணத்தில் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு கட்டிலுக்கு அடியில் ஓடிய சிவப்பு ஒயரைத்தான்.

அக்கா குடும்பம் கிறைஸ்ட்சர்ச்சில் இருக்கிறது. அக்காவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்ததும் உதவிக்கு அப்பாவும் அம்மாவும் போயிருந்தார்கள். ஏப்ரலில் இரண்டு வாரம் விடுப்பு எடுத்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன். வீட்டு வாசலில் அத்தானின் புதுக் கேம்பர்வேன் நின்றது. ஏழு மீட்டர் நீளம். உள்ளே நான்கு பேர் படுக்கலாம். அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை, டீசலில் ஓடும் ஹீட்டர், கூரையில் சூரியத் தகடு. பல வருடச் சேமிப்பைப் போட்டு வாங்கியது. வாங்கி இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

“குழந்தையை நானும் அம்மாவும் பார்த்துக்கிறோம். நீங்க மூணு பேரும் பாப்பாவைக் கூட்டிட்டு ஒரு சுத்து சுத்திட்டு வாங்க” என்றாள் அக்கா. பாப்பா என்றால் மூத்தவள், ஏழு வயது. அம்மா எலுமிச்சைச் சாதமும் சம்பலும் கட்டிக் கொடுத்தார். அத்தான் ஓட்ட, அப்பா முன்னால் உட்கார, நாங்கள் கிளம்பினோம்.

அப்பாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஈப்போ பக்கம் முப்பத்தைந்து வருடம் ஒயர்மேனாக வேலை பார்த்தவர். தோட்டத்தில் பிறந்து, வேலை செய்துகொண்டே படித்து, லைசென்ஸ் எடுத்தவர். யார் வீட்டுக்குப் போனாலும் அவர் கண் முதலில் தேடுவது சாமி படத்தை அல்ல, மீட்டர் பெட்டியை. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. ஆனாலும் அவர் பெட்டியில் மாத்திரைகளோடு ஒரு மல்டிமீட்டரும் வரும். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது சனிக்கிழமைகளில் அவருக்கு டார்ச் பிடிப்பது என் வேலை. “என் கையைப் பார்க்காதே, நான் பார்க்கிற இடத்தைப் பாரு” என்பார். வளர்ந்து ஊடகத் துறை படிக்கப் போனேன். டார்ச் பிடிப்பது அத்தோடு நின்றது.

டெக்காப்போ

கிறைஸ்ட்சர்ச்சிலிருந்து டெக்காப்போ ஏரிக்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம். நம் ஊர் போலவே அங்கும் இடப்பக்கம் ஓட்டுவதால் மலேசியர்களுக்குக் குழப்பம் இல்லை. கேன்டர்பரி சமவெளி முடிந்து, ஜெரால்டின், ஃபேர்லி என்ற சிற்றூர்களைத் தாண்டி, 709 மீட்டர் உயரத்தில் உள்ள பர்க்ஸ் கணவாயில் ஏறி இறங்கினால் நிலமே மாறிவிடும். மரம் இல்லை, பசுமை இல்லை. காய்ந்த பொன்னிறப் புல்லும் அதற்கு நடுவில் பால் கலந்த நீல நிறத்தில் ஓர் ஏரியும்தான். பனியாறுகள் பாறையை மாவாக அரைத்துத் தண்ணீரில் விடுவதால் வருகிற நிறம் அது. கரையில் 1935-இல் கட்டிய ஒரு சிறிய கல் தேவாலயம் இருக்கிறது. அதன் பீடத்துக்குப் பின்னால் இருக்கும் சன்னல் வழியாக ஏரியும் மலையும் தெரியும்.

அன்றிரவு முகாம் பூங்காவில் வண்டியை மின்சாரத்தில் சொருகித் தங்கினோம். ஹீட்டர் இதமாக ஓடியது. வெளியே வந்து வானத்தைப் பார்த்தால், நட்சத்திரங்களுக்கு இடையே இருட்டைத் தேட வேண்டியிருந்தது. இந்த வட்டாரத்தில் 4,300 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான பரப்பு 2012 முதல் பன்னாட்டு இருள்வானக் காப்பகமாக இருக்கிறது. பாப்பா பால்வீதியைக் காட்டிக்கொண்டிருக்க, அப்பா தெரு விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். “எல்லா லைட்டுக்கும் மூடி போட்டு வெளிச்சத்தைக் கீழே அனுப்பியிருக்கான் பாரு. நல்ல வேலை.”

ஒயிட் ஹார்ஸ் ஹில்

மறுநாள் புக்காக்கி ஏரியை ஒட்டிய 80-ஆம் எண் நெடுஞ்சாலையில் போனோம். 55 கிலோமீட்டர் ஓடி மலையடிவாரத்தில் முடிந்துவிடும் சாலை அது. போகப் போக எதிரே ஆவோராக்கி மவுண்ட் குக் பெரிதாகிக்கொண்டே வரும். உயரம் 3,724 மீட்டர், நியூசிலாந்தின் மிக உயர்ந்த சிகரம். அதன் காலடியில் ஒயிட் ஹார்ஸ் ஹில் என்ற அரசாங்க முகாம் இடத்தில் வண்டியை நிறுத்தினோம். அங்கே சொருகுவதற்கு மின்சாரம் கிடையாது. வண்டியின் சொந்த பேட்டரிதான்.

பிரச்சினை அங்கேதான் வெளியே வந்தது. தண்ணீர்க் குழாயைத் திறந்து பம்ப் ஓடினால் விளக்கு மங்கியது. பாப்பாவுக்கு அது விளையாட்டாக இருந்தது. நள்ளிரவுக்கு மேல் ஹீட்டர் நின்றுவிட்டது. அத்தான் மறுபடி போட்டார். ‘டிக்’ என்று தொடங்கி, ஒரு நிமிடம் முனகி, சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. மூன்று முறை அப்படியே. வெளியே குளிர் பூஜ்யத்துக்குப் பக்கத்தில். பாப்பாவை இரண்டு ஸ்வெட்டருக்குள் திணித்து என்னோடு படுக்க வைத்தேன்.

“குளிர்ல இப்படித்தான் ஆகும்னு விற்றவங்க சொன்னாங்க” என்றார் அத்தான். பேட்டரி பாதிக்கு மேல் இருப்பதாகச் சுவரில் உள்ள திரை காட்டியது.

அப்பா எதுவும் பேசவில்லை. எனக்கு அந்த மௌனம் தெரியும். அவருக்குக் காரணம் ஓரளவு புரிந்துவிட்டது. ஆனால், அது மாப்பிள்ளையின் வண்டி. ஆசை ஆசையாக வாங்கியது. பெண் கொடுத்த வீட்டில் போய்க் குறை சொல்வதா என்று அவர் தயங்கினார்.

விடியற்காலையில் கண் விழித்தபோது, பாப்பாவின் காலிக் கட்டிலுக்கு அடியில் பலகையைக் கழற்றி வைத்துவிட்டு அப்பா குனிந்திருந்தார். “டார்ச்சைப் பிடிம்மா” என்றார், நேற்றுத்தான் கடைசியாகப் பிடித்தது போல.

பிடித்தேன். ஒரு சிவப்பு ஒயர், தகரச் சட்டத்தில் போட்ட துளை வழியாக நுழைந்து போனது. துளையின் விளிம்பில் ரப்பர் வளையம் இல்லை. வண்டி ஆடும்போதெல்லாம் கூரான தகரம் ஒயரின் மேல்தோலை அறுத்து அறுத்து, ஓர் இடத்தில் செம்பு தெரிந்தது. அந்தச் செம்புக்கும் தகரத்துக்கும் இடையே ஒரு நூல் இடைவெளி. அதற்கு மேலேதான் முதல் நாள் இரவு ஏழு வயதுப் பிள்ளை தூங்கினாள்.

அப்பா எழுந்து வெளியே போனார். ஏரிப் பக்கம் பார்த்து நின்றுகொண்டிருந்த அத்தானிடம், “மாப்பிள்ளை, தப்பா நினைச்சுக்கக் கூடாது. ஒரு விஷயம் காட்டணும்” என்றார்.

12 வோல்ட் கணக்கு

அத்தான் பார்த்தார். முகம் சுருங்கியது. உடனே விற்ற இடத்துக்குப் போன் செய்தார். கொண்டு வந்தால் பார்க்கிறோம், ஆனால் ஆறு வாரம் கழித்துத்தான் நேரம் இருக்கிறது என்று பதில் வந்தது. போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யாரிடமும் பேசவில்லை. பிறகு, “கைய வெச்சா வாரண்டி போயிடாதா மாமா?” என்று கேட்டார்.

அப்பா இரண்டு விஷயம் சொன்னார். எல்லாவற்றையும் முதலில் படம் பிடித்து விற்றவருக்கு எழுதி அனுப்ப வேண்டும். கழற்றும் எதையும் எறியக் கூடாது. இரண்டாவது, வெளி மின்சாரம் வந்து சேரும் 230 வோல்ட் பக்கத்தை அவர் தொடவே மாட்டார். “என் லைசென்ஸ் நம்ம நாட்டுக்கு. இங்கே செல்லாது. அது இங்கே உள்ள ஆள் பார்க்க வேண்டியது.”

அத்தான் படங்களை அனுப்பி, இந்த ஆபத்தோடு வண்டியை ஓட்ட முடியாது, 12 வோல்ட் பக்கத்தை நாங்களே தற்காலிகமாகச் சரி செய்கிறோம் என்று எழுதினார். அந்த நாட்டில் 1993-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் உத்தரவாதச் சட்டம் இருக்கிறது. விற்றவர் நியாயமான காலத்துக்குள் குறையைச் சரி செய்யாவிட்டால், வெளியே சரி செய்து செலவைக் கேட்க அது வழி தருகிறது. ஒரு மணி நேரத்தில், பழைய பாகங்களை வைத்திருங்கள் என்று பதில் வந்தது. சந்தேகமான கம்பிகளின் ஃபியூஸ்களைக் கழற்றிவிட்டு, 65 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் ட்வைசலுக்கு மெதுவாக வண்டியை விட்டோம்.

வழியில் அப்பா எனக்குப் பாடம் எடுத்தார். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். அதில் ஒயரில் 2 வோல்ட் வீணாகப் போனால் யாருக்கும் தெரியாது. 12 வோல்ட் வண்டியில் அதே 2 வோல்ட் போனால் ஆறில் ஒரு பங்கு போய்விட்டது. அதோடு, 120 வாட் சாமானுக்கு வீட்டில் ஏறக்குறைய அரை ஆம்பியர் போதும். வண்டியில் 10 ஆம்பியர் ஓட வேண்டும். வோல்ட் குறைந்தால் ஒயர் பருக்க வேண்டும். இது தெரியாமல், அல்லது தெரிந்தும் மிச்சம் பிடிக்க, மெல்லிய ஒயரைப் போட்டுவிடுகிறார்கள்.

“பேட்டரியில 12.3 இருக்கு. ஹீட்டர் கிட்ட, அது மூட்டும்போது அளந்தா 10.3. எங்கேயோ 2 வோல்ட் தின்னுது.”

ஹீட்டருக்குப் போன ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர். “நம்ம வீட்ல லைட்டுக்கு இழுக்கிற அளவும்மா இது” என்றார். பேட்டரியிலிருந்து ஹீட்டர் வரை 7 மீட்டர், திரும்பி வர 7 மீட்டர். அந்த 14 மீட்டரில் 10 ஆம்பியர் ஓடினால் ஒயர் மட்டுமே ஏறக்குறைய 1.6 வோல்ட்டை விழுங்கும். மிச்சத்தை மோசமான இணைப்புகள் விழுங்கின. ஹீட்டர், தன் நலம் கருதி, நின்றுவிட்டது. டெக்காப்போவில் ஏன் ஓடியது? அங்கே சார்ஜர் பேட்டரியை 13.6-இல் வைத்திருந்தது. அந்தக் கூடுதல் வோல்ட் குறையை மூடி மறைத்துவிட்டது.

ட்வைசலில் ஒரு நாள்

ட்வைசல் 1968-இல் நீர்மின் திட்டத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய ஊர். வேலை முடிந்ததும் வீடுகளைப் பிரித்து ஊரையே கலைத்துவிடுவதாகத் திட்டம். குடியிருந்தவர்கள் விடவில்லை. போராடி ஊரைக் காப்பாற்றிக்கொண்டார்கள். இதைப் படித்துக் காட்டியபோது அப்பா கொஞ்சம் அமைதியானார். அவர் பிறந்த தோட்டத்தில் இப்போது லயன் வீடு ஒன்றுகூட இல்லை. “இவங்க கெட்டிக்காரங்க” என்று மட்டும் சொன்னார்.

முகாம் பூங்காவில் இடம் எடுத்து, அங்கிருந்த கடையில் 6 சதுர மில்லிமீட்டர் பல இழை ஒயர், செப்புக் காதுகள், அவற்றை நசுக்கிப் பிடிக்கும் இடுக்கி, ரப்பர் வளையங்கள், சூட்டில் சுருங்கும் உறை, ஃபியூஸ்கள் வாங்கினோம். இனிமேல்தான் வேலை.

முதலில் சூரியத் தகட்டின் இணைப்பைக் கழற்றினார். அடுத்து பேட்டரியின் நெகட்டிவ். “பேட்டரியைச் சாதாரணமா நினைக்காதே. ஷாக் அடிக்காது. ஆனா ஸ்பேனர் குறுக்கே விழுந்தா ஸ்பேனரே சிவந்திடும்.” மோதிரத்தைக் கழற்றிப் பாப்பாவிடம் கொடுத்தார்.

பலகைகளைக் கழற்றக் கழற்ற ஒவ்வொன்றாக வந்தது. மெல்லிய ஒயருக்கு 30 ஆம்பியர் ஃபியூஸ். “ஃபியூஸ் சாமானைக் காப்பாத்த இல்லம்மா, ஒயரைக் காப்பாத்த. இந்த ஒயர் எரிஞ்சு முடிஞ்ச பிறகுதான் இந்த ஃபியூஸ் போகும்.” குளிர்பெட்டியின் ஒயரை ஓர் உலோகக் குழலில் நசுக்கி இணைத்திருந்தார்கள். அப்பா இரண்டு விரலால் இழுத்தார், கையோடு வந்தது. பாதி இழைகள் குழலுக்குள் போகவே இல்லை. மேலுறை பழுப்பேறியிருந்தது. அந்த இடம் சூடாகி வந்திருக்கிறது. எல்லா நெகட்டிவ் ஒயர்களையும் சேர்த்து ஒரே திருகாணியில், பெயிண்ட்டின் மேலேயே, வண்டியின் உடம்போடு முறுக்கி வைத்திருந்தார்கள். பெயிண்ட் மின்சாரம் கடத்தாது. திருகாணியின் மரை மட்டும்தான் தொட்டுக்கொண்டிருந்தது.

“எப்படி மாமா புது வண்டியில இப்படிப் பண்ணுவாங்க?” அத்தானுக்குக் கோபம்.

“செஞ்சவன் கெட்டவன்னு சொல்ல முடியாது மாப்பிள்ளை. நேரம் குடுத்திருக்க மாட்டாங்க. ஒயர் முதல்ல, அப்புறம் பஞ்சு, அப்புறம் பலகை, அப்புறம் அலமாரி. மூடிட்டா யாரும் பார்க்கப் போறதில்லை. விளக்கு எரிஞ்சுதா, அடுத்த வண்டி.” கொஞ்சம் நிறுத்தி, “வீடு நிக்கும். இது ஓடுற வீடு. தினமும் குலுங்குது. வீட்ல பத்து வருஷம் தாங்குற மோசமான ஜாயிண்ட், இதுல பத்து வாரம்தான்” என்றார்.

புதிய ஒயரை இழுத்தோம். துளைகளுக்கெல்லாம் ரப்பர் வளையம். ஒயர் நடமாடாதபடி ஒரு சாண் இடைவெளியில் பிடிப்பான். ஒவ்வோர் இணைப்பையும் நசுக்கியதும் அப்பா பலமாக இழுத்துப் பார்ப்பார். வராவிட்டால்தான் உறை போடுவார். நெகட்டிவ் ஒயர்களைத் தனித்தனியே ஒரு செப்புப் பட்டையில் சேர்த்தார். வண்டியின் உடம்பைத் தொட வேண்டிய இடத்தில் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் போல்ட் போட்டு, துருப்பிடிக்காமல் இருக்க வாஸ்லின் தடவினார். ஒவ்வோர் ஒயருக்கும் அதன் பருமனுக்கு ஏற்ற ஃபியூஸ், பேட்டரிக்குப் பக்கத்திலேயே.

மத்தியானத்துக்கு மேல் அப்பாவின் விரல்கள் நடுங்கத் தொடங்கின. இடுக்கியை இரண்டு முறை அழுத்தியும் அது முழுதாக மூடவில்லை. நான் வாங்கப் போனேன். எனக்கு முன்னால் அத்தான், “குடுங்க மாமா, நீங்க சொல்லுங்க, நான் அழுத்துறேன்” என்று வாங்கிக்கொண்டார். அதன் பிறகு மாலை வரை ஒருவர் சொல்ல, ஒருவர் செய்தார். நான் டார்ச் பிடித்தேன். பாப்பா திருகாணிகளை அம்மாவின் சம்பல் டப்பா மூடியில் வரிசையாக அடுக்கினாள்.

மாலை ஆறு மணிக்கு பேட்டரியை இணைத்தோம். ஹீட்டர் ‘டிக்’ என்றது. மீட்டரில் 11.8. யாரும் மூச்சு விடவில்லை. கொஞ்ச நேரத்தில் வெதுவெதுப்பான காற்று வந்தது. அத்தான் குழாயைத் திறந்தார். விளக்கு அசையவில்லை. பாப்பாவுக்குத்தான் ஏமாற்றம்.

பென்மோர்

கடைசி நாள் ராணித்தேனீயைப் பார்க்கப் போவது போல அப்பா பென்மோர் அணையைப் பார்க்கக் கிளம்பினார். நியூசிலாந்தின் மிகப் பெரிய மண் அணை அது. மின்னுற்பத்தித் திறன் 540 மெகாவாட். 1965 முதல், இங்கிருந்துதான் வடக்குத் தீவுக்கு டி.சி. மின்சாரம் போகிறது. தரை வழியாகவும் குக் நீரிணையின் கடலடிக் கம்பி வழியாகவும் 600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது.

“இதுவும் டி.சி., நம்ம வண்டியும் டி.சி.” என்று பாப்பாவிடம் சொன்னார். “இவன் வோல்ட்டைப் பல லட்சமா ஏத்திட்டான், அதனால ஆம்பியர் குறைஞ்சுது, ஒயர் தாங்குது. நமக்கு 12 தான். அதனால தாத்தா ஒயரைப் பெருசாப் போட்டேன்.” மூன்று நாளாக எனக்குப் பாதி புரிந்த பாடம் அந்த இடத்தில் முழுசாகப் புரிந்தது.

கிறைஸ்ட்சர்ச் திரும்பியதும் அத்தான் உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரிடம் வண்டியைக் காட்டினார். 230 வோல்ட் பக்கத்தில் தளர்ந்திருந்த ஓர் இணைப்பை அவர் முறுக்கினார். அங்கே முகாம் மின்சாரத்தில் சொருகும் வண்டிகளுக்கு நான்கு ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கும் மின்பாதுகாப்புச் சான்று தனியாக உண்டு. ஒயருக்கும் சாமானுக்கும் ஆன செலவை விற்றவர்கள் பின்னர் கொடுத்துவிட்டார்கள்.

பள்ளி விடுமுறைக்குக் கேம்பர்வேன் எடுக்க நினைக்கும் குடும்பங்களுக்கு நான் சொல்வது இதுதான். சாவியை வாங்கும்போதே, வெளி மின்சாரத்தைச் சொருகாமல், என்ஜினை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பாருங்கள். பம்ப் ஓடும்போது விளக்கு மங்குகிறதா? ஹீட்டர் முதல் முறையிலேயே மூட்டுகிறதா? பிளாஸ்டிக் கருகும் வாசம் வருகிறதா? வாடகை வண்டி என்றால் நீங்கள் எதையும் கழற்ற வேண்டாம். அங்கேயே சொல்லி வேறு வண்டி கேளுங்கள். சொந்த வண்டி என்றால் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, பேட்டரியிலும் சாமானிலும் அது ஓடும்போது அளந்து பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தெரிந்தவரிடம் காட்டுங்கள். ஃபியூஸ் அடிக்கடி போனால் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள். புகை காட்டும் கருவி ஒன்று படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

நான் கிளம்பும் முன் ஃபியூஸ் பெட்டியின் கதவைத் திறந்து காட்டினார் அத்தான். எது எதற்கு என்று அப்பா வெள்ளை நாடாவில் எழுதி ஒட்டியிருந்தார்: ஹீட்டர், பெட்டி, பம்ப், லைட். எல்லாம் தமிழில். வந்த மின்பணியாளர் தலையைச் சொறிந்தாராம். அதனால் அத்தான் ஒவ்வொன்றின் கீழும் ஆங்கிலத்தில் எழுதினார். தமிழை அழிக்கவில்லை. பாப்பா இப்போது அந்தக் கதவைத் திறந்து எழுத்துக் கூட்டிப் படிக்கிறாளாம். ‘ஹீ’ மட்டும் இன்னும் வரவில்லை என்று நேற்று அக்கா போனில் சொன்னாள்.